முதலில் ஒரு மூலையில்

ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து மூன்றாவது ஊசி பற்றி அறிவித்த வெள்ளிக்கிழமை, நான் கருகிப்போன என் வயலின் வரம்பில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே நிற்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. அதில் செய்வதற்கு வேலையும் இல்லை. ஆனாலும் அந்தப் போகம் முழுக்க, நாளுக்கு இரண்டு தடவையாவது போய் அந்த வரம்பில் நின்று என்னை நானே ஏசிக்கொள்வது எனக்கு வழக்கமாகிப் போயிருந்தது.

ஒலிபெருக்கியில் பேசியவர் பொறுமையாகத்தான் பேசினார். சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் பொதுநோக்கு மண்டபத்தில் கொரோனாவுக்கு மூன்றாவது தடுப்பூசி போடப்படும். இரண்டாவது ஊசி போட்டு மூன்று மாதம் கழிந்தவர்கள் எல்லோரும் ஊசி அட்டையோடு வரவேண்டும். முதல் இரண்டும் சீன ஊசி போட்டவர்களுக்கு இந்த முறை அமெரிக்க ஊசி. முன்பு எதைப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, ஒன்றும் யோசிக்க வேண்டாம். எதோடு எதைச் சேர்த்தாலும் பரவாயில்லை, ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்று இரண்டு மாதத்துக்கு முன் இன்னொருவரும் எனக்குச் சொல்லியிருந்தார். அதன் பலனைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் காலபோகம் பசளையும் களைநாசினியும் கடைகளில் கிடைக்காத போகம். எங்கள் உருத்திரபுரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, விதைத்த நெல் முளைத்தது, அதைவிட வேகமாகக் கோரையும் புல்லும் முளைத்தன. என் கொட்டிலில் பழைய களைநாசினி அரைப் போத்தல் கிடந்தது. அது அரை ஏக்கருக்கும் காணாது. எங்கேயோ இருந்து வந்த, பேர் ஒட்டாத இன்னொரு போத்தலை ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். "ரெண்டையும் கலந்து அடியுங்கோ, இது எதோடையும் சேரும்" என்றார்.

இரண்டு மருந்துகளைக் கலப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. வெறும் சோடாப் போத்தலில் ஒவ்வொன்றிலும் ஒரு மூடி விட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, வரம்பில் வைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை பார்த்திருக்க வேண்டும். திரைந்துபோனாலோ, அடியில் கட்டி பட்டாலோ, போத்தல் கையில் சுட்டாலோ அந்த இரண்டும் சேராது. அப்படி ஒன்றும் நடக்காவிட்டாலும் உடனே வயல் முழுக்க அடிக்கக் கூடாது. ஒரு மூலையில், பாய் விரிக்கிற அளவு இடத்தில் அடித்துவிட்டு நாட்களை எண்ண வேண்டும். மூலை பார்க்கிறது என்று சொல்வோம். முப்பது வருடமாக நான் இதை மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். செய்யாதவர்களை நாலு பேருக்கு முன்னால் விசரன் என்று ஏசியும் இருக்கிறேன். அன்றைக்கு என்னவென்றால், அடுத்த நாள் தொடக்கம் மழை என்று வானொலி சொல்லிவிட்டது. அந்த அவசரத்தில் சோடாப் போத்தலும் இல்லை, மூலையும் இல்லை. இரண்டையும் நேரே மருந்தடிக்கிற தாங்கியில் ஊற்றிக் கலக்கி, வாய்க்கால் பக்கத்து ஒரு ஏக்கரையும் அடித்து முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெருமையாகக் கால் கழுவினேன்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் நெல் பச்சையாகத்தான் நின்றது. என்னால் மறக்க முடியாதது அந்தப் பச்சைதான். ஒன்றுமே நடக்காததுபோல் காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றது. அடித்த நாளோடு மூன்றாம் நாள் காலையில் இலை நுனிகள் மஞ்சளித்தன. பின்னேரம் முழு இலையும் சுருண்டது. கிழக்குப் பக்கம் ஒரு துண்டு தப்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டாம் நாள் அதில் ஒரு பிடியைப் பிடித்து இழுத்தேன். வேர் அழுகி, கையோடு வந்தது. கோரைக்கு மட்டும் ஒரு கேடும் இல்லை.

அன்றைக்கு வரம்பில் நின்று அறிவித்தலைக் கேட்டபோது எனக்கு என் மனைவியின் நெஞ்சுதான் ஞாபகம் வந்தது. கலியாணம் முடித்த நாளில் இருந்தே அவளுக்கு முட்டு. குளிர் காற்றுப் பட்டால், நெல் தூற்றும் தூசு பறந்தால், பக்கத்து வளவில் குப்பை கொளுத்தினால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். பதுங்குகுழிக்குள் இருந்த யுத்த நாட்களிலும் எனக்கு வெளியில் கேட்ட சத்தங்களைவிட அவளுடைய மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவளும் நானும், ஒரு கிழட்டு நாயும். அந்த மூச்சு நின்றுபோனால் அந்த வீட்டில் நான் கேட்பதற்கு வேறு சத்தம் இல்லை. என் பயம் அவ்வளவுதான்.

ஊசி போடாமல் விட்டாலும் பயம். அந்த நாட்களில் நோய் மறுபடி ஒழுங்கை ஒழுங்கையாக வந்துகொண்டிருந்தது. முட்டுக்காரரை அது சும்மா விடாது என்று எல்லோரும் சொன்னார்கள். போட்டால், உள்ளே ஏற்கெனவே இருக்கிற சீன ஊசியும் புதிதாகப் போகிற அமெரிக்க ஊசியும் ஒன்றோடொன்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தாங்கியென்றால் மருந்து மாற்றும்போது மூன்று தரம் கழுவலாம். மனுசியை எப்படிக் கழுவுவது? வீட்டுக்கு நடந்து போகிற வழியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த முறையாவது மூலை பார்க்க வேண்டும். அந்த மூலை நான்தான்.

அவள் குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அறிவிச்சவங்கள், கேட்டனீங்களோ? நாளைக்கே போய்ப் போட்டிட்டு வருவம்" என்றாள்.

"நீ போகேல்லை."

"ஏன்?"

"முந்திப் போட்டது ஒண்டு, இப்ப போடப்போறது வேறை ஒண்டு. உள்ளுக்கை போய்த் திரைஞ்சுதெண்டால் என்ன செய்யிறது? நாளைக்கு எனக்கு வாய்க்கால் வேலை. திங்கள் நான் போய்ப் போடுறன். பதினாலு நாள் பாப்பம். எனக்கு ஒண்டும் செய்யேல்லையெண்டால் பேந்து நீ போடு."

அவள் துருவுவதை நிறுத்தினாள். "ஏனப்பா, நான் என்ன உங்கடை வயலோ?"

"விசர்க் கதை கதையாதை."

"உங்களுக்குப் பிரஷர் இருக்கெல்லே? உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்யிறது?"

"எனக்கொண்டும் நடவாது."

"அதெப்பிடித் தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தானே பாக்கிறது. வாயை மூடிக்கொண்டு இரு."

அவள் வாயை மூடிக்கொண்டு மீதித் தேங்காயைத் துருவினாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் அப்படி வாயை மூடிக்கொண்ட ஒரு தடவைகூட நான் நினைத்தபடி காரியம் நடந்ததில்லை. அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை வாய்க்கால் துப்புரவாக்கும் முறை எங்களுடையது. விடியப் போனவன், மண்வெட்டியோடு வீட்டுக்கு வரும்போது மத்தியானம் கழிந்துவிட்டது. அவள் சோற்றை மூடி வைத்துவிட்டுப் பாயில் படுத்திருந்தாள். பகலில் படுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"என்ன, முட்டோ?"

"இல்லை. சும்மா அலுப்பு."

ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் தண்ணீர் அள்ளித் தரச் சொன்னாள். அதுவும் புதுமைதான், நான் அள்ளினால் கிணற்றடி சேறாகிவிடும் என்று என்னை அண்டவிடாதவள். உடுப்புகளை ஒற்றைக் கையால் கொடியில் போட்டாள். நான் எங்கே இருந்தாலும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. திரும்பினால் பார்வையை எடுத்துக்கொள்வாள்.

"என்ன பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. நாளைக்குக் காலமை சனமாயிருக்கும். பின்னேரமாப் போங்கோவன்."

"பின்னேரம் மருந்து முடிஞ்சுபோம்."

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்காகப் பயப்படுகிறாள் என்று மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. என் பயத்தை அவளுக்குக் காட்டாமல் இருப்பதிலேயே எனக்கு அன்றைய பொழுது போய்விட்டது. நான் அடித்த மருந்துகளின் பேர்களையெல்லாம் மனதுக்குள் சொல்லி, எது எதோடு சேர்ந்தது, எது எதோடு திரைந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். திரைந்தவைதான் கூட ஞாபகம் வந்தன.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே வெளிக்கிட ஆயத்தமானேன். சேட்டைக் காணவில்லை. "சேட்டு எங்கை?" என்று கத்தினேன். எட்டிப் பார்த்தால், அவள் முற்றத்தில் மாமரத்தடியில், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். காலைக் குளிருக்கு முட்டு எழும்பிவிட்டது என்று நினைத்து, "பம்ப் அடிச்சனியோ?" என்று கேட்டேன். அவள் கண்ணைத் திறந்து, "முட்டு இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அலுமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த கட்டைக்கைச் சேட்டை எடுத்துத் தந்தாள். பொலித்தீன் பையில் இருந்து என் ஊசி அட்டையை மட்டும் எடுத்துச் சேட்டுப் பையில் வைத்துவிட்டாள்.

"போட்டிட்டு வாங்கோ" என்றாள்.

பொதுநோக்கு மண்டபத்தில் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். எங்கள் பகுதியில் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது மேசையில் இருந்து அட்டைகளைப் பார்த்துப் பதிந்துகொண்டிருந்தா. என்னைவிட வயதில் மிகவும் குறைந்தவ. ஆனால் எங்கள் பகுதிப் பெண்களுக்கு அவவின் சொல்தான் கடைசிச் சொல்.

"பிள்ளை, ஒரு கதை கேக்கவேணும்" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து கேட்டேன். "முந்திப் போட்டது உள்ளுக்கை இருக்கத்தானே செய்யும்? அதுக்கு மேலை இதைப் போட்டால் ரெண்டும் கலந்து..."

"அது எப்பவோ கரைஞ்சு போட்டுது, ஐயா. மருந்து உள்ளுக்கை நிக்கிறேல்லை. உடம்பு அதைப் பாத்துப் பழகின ஞாபகத்தைத்தான் வைச்சிருக்கும். இது வேறை பக்கத்தாலை வந்து அதே ஞாபகத்தைக் கூட்டிவிடும். மாத்திப் போடுறதிலை பயமில்லையெண்டு பாத்துத்தான் தருகினம்."

"அப்ப திரையாது?"

அவ எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தா. முகக்கவசத்துக்குள் சிரிக்கிறா என்று கண்ணில் தெரிந்தது. "வீட்டிலை அக்கா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"சரி ஐயா, அங்காலை போய் இருங்கோ" என்றா.

ஊசி குத்தியது தெரியவேயில்லை. அதற்குப் பிறகு கால் மணித்தியாலம் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் நீளமான கால் மணித்தியாலம் அது. நாக்கு வறண்டது. இடது கைக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. நாடியைப் பிடித்து எண்ணத் தொடங்கி, பயத்தில் எண்ணிக்கை தவறி, மறுபடி தொடங்கினேன். எனக்கு முன் கதிரையில் இருந்தவர் யாரோடோ கைப்பேசியில் மாட்டு விலை பேசிக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு உயிர்ப்பயம் என்பதே இல்லையா என்று எரிச்சலாக வந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு நடுக்கம் தொடங்கியது. பல் கிட்டியது, எலும்பெல்லாம் உளைந்தது. இது திரைகிறதுதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. சாகப்போகிறேன் என்று உண்மையாகவே நினைத்தேன். காணி உறுதி அலுமாரியின் கீழ்த் தட்டில் இருக்கிறது என்றும், நாய்க்கு மீன் முள்ளுப் போடக்கூடாது என்றும், கருகின ஏக்கரை அடுத்த போகம் உழாமல் விடவேண்டாம் என்றும் அவளுக்குச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. அவள் ஈரத் துணியை என் நெற்றியில் போட்டுவிட்டு, காய்ச்சல் குளிசை இரண்டைத் தந்தாள்.

"ஒண்டும் செய்யாது. உளைஞ்சுபோட்டு நாளைக்குப் பின்னேரம் விட்டிடும்" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? நீ என்ன டொக்டரோ?" என்று நடுங்கிக்கொண்டே ஏசினேன்.

அடுத்த நாள் பின்னேரம் காய்ச்சல் விட்டது. அவள் சொன்ன நேரத்துக்கே விட்டது. ஆனால் நான் நம்பவில்லை. புதன்கிழமைதான் மூன்றாம் நாள். விடிந்ததும் கண்ணாடிக்கு முன்னால் போய் நாக்கை நீட்டிப் பார்த்தேன், கண் இமையை இழுத்துப் பார்த்தேன், நக நுனிகளைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தன. முப்பது வருடம் மருந்தோடு பழகின கைக்கு நகம் எப்போதும் மஞ்சள்தான் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் தப்பினாலும் பன்னிரண்டாம் நாள் இருக்கிறதே. வேர் அழுகினது அப்போதுதானே தெரிந்தது. அதனால் இரண்டு அட்டைகளையும் ஒரே பொலித்தீன் பைக்குள் வைத்து, அலுமாரியில் பூட்டி, திறப்பை என் அரைநாணில் கட்டிக்கொண்டேன். "பதினாலு நாள் முடியாமல் என்னைக் கேளாமல் போகக்கூடாது" என்றேன். அவள் நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லா இறுக்கிக் கட்டுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாட்கள் போன விதம் இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளுக்கு நோய் வந்துவிட்டது. ஒரு வீட்டுக் கிழவரை ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. நான் கேற்றைக் கட்டிவைத்தேன். கடைக்கு நான் மட்டும் போனேன், வந்ததும் கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றினேன். காலையில் என் உடம்பைப் பார்ப்பேன், பிறகு அவளுடைய மூச்சைக் கேட்பேன். இரண்டு பயங்களுக்கும் நடுவில் ஒவ்வொரு நாளாகக் கழித்தேன். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள், பத்தாம் நாள்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, அவள் இருமினாள்.

ஒரு இருமல்தான். ஆனால் அவளுடைய இருமல்கள் எல்லாம் எனக்குத் தெரியும். இது அவற்றில் இல்லாத இருமல். பின்னேரம் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் கதிரையில் நிமிர்ந்து இருந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். பம்ப் அடித்தும் கேட்கவில்லை. ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டு, அலுமாரியைத் திறந்து பொலித்தீன் பையை அப்படியே எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் ஒரு கதையும் கதைக்கவில்லை. கதைக்க மூச்சு இல்லை. அவளுடைய தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசித்தேன். சனிக்கிழமையே போவோம் என்று கேட்டவள். நான்தான் மறித்தேன். முதல் தடவை மூலை பார்க்காமல் ஒரு ஏக்கரை அழித்தேன். இந்தத் தடவை மூலை பார்த்துப் பார்த்தே இவளை அழித்துவிட்டேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அழாதையுங்கோ அண்ணை" என்றபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

வாசலிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு நோய் இருந்தது, எனக்கு இல்லை. அவளைச் சக்கரக் கதிரையில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையில் இல்லை. என்னைக் கம்பிவேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு தாதி எழுதும் மட்டையோடு வந்தா.

"முட்டு எவ்வளவு காலமா இருக்கு?"

சொன்னேன்.

"எத்தினை ஊசி போட்டவா?"

"ரெண்டு."

"மூண்டாவது?"

"போடேல்லை. நான் விடேல்லை, மிஸ். வேறை ஊசி எண்டு நான்தான் விடேல்லை."

தாதி அட்டைக்குக் கையை நீட்டினா. பொலித்தீன் பையைக் கொடுத்தேன். ஒரு அட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "மூண்டும் போட்டிருக்கே" என்றா.

"அது என்ரை அட்டை."

"இல்லை ஐயா. பொம்பிளையின்ரை பேர்தான் கிடக்கு."

அட்டையைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினா. அவளுடைய பேர். முதல் வரியில் சீன ஊசி, இரண்டாம் வரியில் சீன ஊசி, மூன்றாம் வரியில், எங்கள் மருத்துவமாதுவின் கையெழுத்தில், அமெரிக்க ஊசி. திகதி சனிக்கிழமை. நான் போட்ட திங்களுக்கு முந்தின சனிக்கிழமை. நான் வாய்க்காலுக்குள் முழங்கால் சேற்றில் நின்ற சனிக்கிழமை.

எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, பயம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப கலந்துபோச்சு! கலந்துதான் இப்பிடி வந்தது! வேர் அழுகினதும் இப்பிடித்தான், பிந்தித்தான் தெரிஞ்சது!" என்று கத்தினேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் விலகிப் போனார்கள்.

"என்ன வேர்? ஐயா, இஞ்சை கேளுங்கோ" என்று தாதியும் சத்தமாகச் சொன்னா. "இது கொரோனா. ஊசியாலை வந்ததில்லை. இந்த முட்டோடை மூண்டாவதும் போடாமல் வந்திருந்தால் எனக்குப் பயமாயிருந்திருக்கும். இப்ப ஒட்சிசன் குடுத்திருக்கு. பிடிக்குது. போட்டது நல்லதாப் போச்சு."

அவ போன பிறகும் நான் அந்தக் கம்பியை விடவில்லை. நாட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பகலில் பாயில் படுத்திருந்தது. ஒற்றைக் கையால் உடுப்புக் காயப்போட்டது. நாளைக்குப் பின்னேரம் விட்டிடும் என்று நேரம் குறித்துச் சொன்னது. என் நெற்றியில் துணி போட்டபோது அவளுடைய கையும் நொந்திருக்கும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு அவளுக்குப் பதினாலாம் நாள். நான் பார்க்கச் சொன்ன பதினாலு நாளும் அவளில் முடிந்திருந்தது.

மூன்று நாட்கள் ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றேன். வீட்டுக்குப் போய் நாய்க்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். எவரிடமும் ஒன்றும் கேட்கப் பயம். கேட்டால் பதில் வந்துவிடுமே. திங்கட்கிழமை மத்தியானம் என் கைப்பேசி அடித்தது. அவளுடைய இலக்கம். எடுக்காமல் இரண்டு தரம் அடிக்க விட்டேன், அவளுடைய கைப்பேசியில் வேறு யாரும் பேசிவிடுவார்களோ என்று.

"என்னப்பா, சாப்பிட்டியளோ?" அவளுடைய குரல்தான். மெலிந்திருந்தது. ஆனால் ஒரு வசனத்தை முழுசாகச் சொல்லி முடிக்க மூச்சு இருந்தது.

"ஓம்" என்று பொய் சொன்னேன்.

"நாளையிண்டைக்கு விடுவினமாம்."

"ஓம்."

பிறகு கேட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருப்பியளோ?"

"பயமாயிருக்கேல்லையோ உனக்கு?"

"பயமில்லாமலோ? நானும் அந்த வயலைப் பாத்தனான்தானே. ரெண்டு நாள் பச்சையா நிண்டு ஏமாத்தினதை நானும் பாத்தனான்." நிறுத்தி, மூச்சு எடுத்தாள். "நீங்கள் போறன் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டனீங்கள். உங்களுக்குப் பிரஷர். மறிச்சால் கேக்கிற ஆளோ நீங்கள்? அதுதான் முந்திப் போனனான். உங்களுக்கு முந்தி என்னிலை பாப்பம் எண்டு. சனி, ஞாயிறு, ரெண்டு நாளும் உங்களைப் பாத்துப் பாத்துப் பயந்தபடி இருந்தனான். திங்கள் விடிய மூண்டாம் நாள். முற்றத்திலை போய் நிண்டு மூச்சை இழுத்துப் பாத்தனான். வந்தது. அதுக்குப் பிறகுதான் உங்களுக்குச் சேட்டை எடுத்துத் தந்தனான்."

நான் போட்டிருந்தது அந்தக் கட்டைக்கைச் சேட்டைத்தான். நாலு நாளாக மாற்றவில்லை. கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுப்பதும் விடுவதும் கேட்டது. கொஞ்சம் கரகரப்பு இருந்தது, ஆனால் தடைப்படவில்லை.

"என்னப்பா, நிக்கிறியளோ?" என்றாள்.

"நிக்கிறன்" என்றேன். "நீ கதையாதை. சும்மா மூச்சை விட்டுக்கொண்டு இரு. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."